மீட்டரில் 62 காட்டினால் சந்தோஷப்படாதீர்கள்

"இன்னைக்கு வெறும் வயித்துல 62 டாக்டர், சுகர் சூப்பரா இருக்கு" என்று மலர்ந்த முகத்தோடு சொல்பவர்களை கிளினிக்கில் அடிக்கடி பார்க்கிறேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவருக்கு 70-க்குக் கீழே போனாலே அது தாழ்சர்க்கரை. 54-க்குக் கீழே போனால் மூளையே தடுமாற ஆரம்பிக்கும்.

கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, அகோரப் பசி ஆகியவை முதலில் வரும். அப்புறம் பேச்சு குழறும், காரணமில்லாமல் கோபம் வரும். புரோப்ரனலால், மெட்டோபுரோலால் போன்ற பிரஷர் மாத்திரை போடுபவர்களுக்கு நடுக்கமும் படபடப்பும் தெரியாமலே போகலாம். அவர்களுக்கு வியர்வைதான் துப்பு.

உடனே 15 கிராம் குளுக்கோஸ் பவுடர், அதாவது சுமார் மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடிக்க வேண்டும். 15 நிமிடம் கழித்து மீண்டும் டெஸ்ட். ஏறவில்லையா, இன்னொரு முறை. 70-ஐத் தாண்டியதும் இரண்டு இட்லியோ பிஸ்கட்டோ சாப்பிடலாம். சாக்லேட் வேண்டாம், அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதமாக்கும்.

வீட்டில் சீனிதானே இருக்கிறது என்றால், பெரும்பாலானோருக்கு அதுவே போதும். ஆனால் மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். 'வோக்லிபோஸ்' அல்லது 'அகார்போஸ்' என்று இருந்தால் சீனி சீக்கிரம் வேலை செய்யாது. குடலில் சீனி உடைவதைத்தான் அந்த மருந்து தடுக்கிறது. நம் ஊரில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மினோடு வோக்லிபோஸும் சேர்ந்த ஒரே மாத்திரை நிறையப் பேர் போடுகிறார்கள். அவர்கள் வீட்டில் குளுக்கோஸ் பவுடர் கட்டாயம் இருக்க வேண்டும்.

மயங்கிவிட்டவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், தயவுசெய்து. நுரையீரலுக்குள் போய்விடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

சர்க்கரை ஏறிவிட்டது, பிரச்சினை முடிந்தது என்று நினைக்க வேண்டாம். கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரைகளின் வேகம் ஒரு நாள்கூட நீடிக்கும், சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதற்கு மேலும். காலையில் சரியானவர் ராத்திரி தூக்கத்தில் மறுபடி இறங்கிவிடலாம். அதனால்தான் இந்த மாத்திரையால் சர்க்கரை ரொம்பத் தாழ்ந்து வருபவரை ஆஸ்பத்திரியில் ஒரு நாள் வைத்துப் பார்க்கிறோம். மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவருக்கு இந்தப் பயம் மிகக் குறைவு.

சஷ்டி, ரமலான் நோன்பு என்றால் முன்கூட்டியே வந்து டோஸை மாற்றிக்கொள்ளுங்கள். மாத்திரையைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தள்ளிப்போடவே கூடாது. ஒருமுறை தாழ்ந்தாலும் மீட்டரை அப்படியே கொண்டுவந்து காட்டுங்கள், டோஸைக் குறைக்க வேண்டியிருக்கலாம். வயதான, பல நோய்கள் உள்ள அப்பா அம்மாவுக்கு மூன்று மாதச் சராசரி (HbA1c டெஸ்ட்) 8 சதவீதத்துக்குள் இருந்தாலே பெரும்பாலும் போதும். 6-க்குக் கொண்டுவரச் சொல்லி எங்களிடம் கேட்காதீர்கள்.