“தூக்கமே வரல, டாக்டர்”

சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் கிளினிக்குக்கு லோரி ஓட்டுநர்கள் அடிக்கடி வருவார்கள். சரக்கு வாகனம் ஓட்டத் தேவையான ஜி.டி.எல். லைசன்ஸுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டுமே. போன மாதம் வந்த அண்ணன் ஒருவர், இரவில் கிள்ளான் துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். ஓட்டுநர் கண் அசந்தால் கத்தி எழுப்பும் கேமரா ஒன்றை முதலாளி லோரியில் மாட்டிவிட்டார்; அதைப் பற்றித்தான் புலம்பல் முழுவதும். “சும்மா சும்மா கத்துது. எனக்குத் தூக்கமே வரல, டாக்டர்.” அதன்மேல் பிளாஸ்டர் ஒட்டிவிட்டாராம்!

அவர் பேசும்போதே கண்ணைக் கவனித்தேன். நன்றாக விழித்திருப்பவர் இமைத்தால் அரை வினாடிக்குள் முடிந்துவிடும். இவருக்கோ இமை மெதுவாக இறங்கியது, பாதியில் தயங்கியது, மூடியது, அப்புறம் சிரமப்பட்டுத் திறந்தது. மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டேன். “என்ன அண்ணே, கண் சொக்குதா?” என்றால், “இல்லையே” என்கிறார். பொய் சொல்லவில்லை; இப்படி ஓரிரு வினாடி கண் அசந்தது பல சமயம் அசந்தவருக்கே தெரியாது. 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லோரி 3 வினாடியில் சுமார் 67 மீட்டர் ஓடிவிடும்.

கேமராவும் இதைத்தான் பார்க்கிறது. நம் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை முகத்தில் பாய்ச்சுவதால் இருட்டிலும் அதற்கு இமை தெரியும். ஒரு நிமிடத்தில் எவ்வளவு நேரம் இமை கண்மணியை 80 விழுக்காட்டுக்கு மேல் மூடியிருக்கிறது என்று பல கருவிகள் கணக்கிடும். இந்த அளவுக்குப் ‘பெர்க்ளோஸ்’ என்று பெயர். பார்வை போகும் போக்கைக் கவனிக்கும் கருவிகளும் உண்டு. களைத்தவர் பக்கக் கண்ணாடியைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு நேரே வெறிப்பார். தூக்கம் அழுத்தும்போது விழி மெல்ல அப்படியும் இப்படியும் உருளும்.

சில கறுப்புக் கண்ணாடிகளை ஊடுருவ முடியாமல் கேமரா தடுமாறும். மீட்டரைக் குனிந்து பார்த்தாலும் சில சமயம் வீணாகக் கத்தும். அந்த எரிச்சல் நியாயம்தான். ஆனால் என்னைக் கேட்டால், இமை மூடிய பிறகு அது கத்துவதே தாமதம். பக்கத்தில் இருக்கும் கெலிண்டான், அதாவது லோரி உதவியாளர், அதற்கு முன்பே கண்டுபிடிக்கலாம், அவர் தூங்காமல் இருந்தால்!

விடியற்காலை 2 முதல் 6 மணி வரை உடம்பே தூக்கத்துக்கு இழுக்கும். ஜன்னலைத் திறப்பது, பாட்டை அலறவிடுவது எல்லாம் கொஞ்ச நேரத்துக்குத்தான். கோப்பி வேலை செய்ய அரை மணி நேரம் வரை ஆகும். அதனால் தாப்பா ஓய்வுத்தலத்தில் நிறுத்தி, ஒரு கோப்பி-ஓ குடித்துவிட்டு, உடனே 20 நிமிடம் கண்ணை மூடுங்கள். சளி மாத்திரை சிலவும் தூக்கம் தரும், வாங்கும்போதே கேளுங்கள்.

அண்ணனின் கதை அங்கே முடியவில்லை. வெளியே காத்திருந்த அக்காவை, அவர் மனைவியை, கூப்பிட்டு, “இவர் குறட்டை விடுவாரா?” என்று கேட்டேன். “குறட்டையா? நடுவுல மூச்சே நின்னுடும், அப்புறம் திடுக்குனு இழுப்பார்” என்றார். தூக்கத்தில் மூச்சு தடைப்படும் நோயாக இருக்கலாம். எட்டு மணி நேரம் படுத்தாலும் களைப்புத் தீராது. லைசன்ஸ் பாரத்தை ஓரமாக வைத்துவிட்டு, தூக்கப் பரிசோதனைக்குக் கடிதம் எழுதினேன்.

“அப்ப இந்த வார ஓட்டம்?” என்றார். அக்கா பையைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிட்டார்.