பத்து லட்சம் எண்கள் இடம் மாறாமல் கை மாறுவது எப்படி?

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி கேட்டிருக்கிறார்: "கடலூர் மாவட்ட மழை அளவுகளைக் சி பிளஸ் பிளஸ் நிரலில் கோப்பிலிருந்து வாசித்து ஒரு வெக்டரில் (எண்களை வரிசையாக வைக்கும் பட்டியலில்) சேர்க்கிறேன். ஃபங்ஷன் அந்த வெக்டரை அப்படியே ரிட்டர்ன் செய்தால் மொத்தமும் காப்பி ஆகிவிடும், பாயின்டராக (மெமரி முகவரியாக) கொடு என்கிறார்கள். உண்மையா சார்?"

ஒரு காலத்தில் அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. இன்று இல்லை.

சி பிளஸ் பிளஸ் மொழியில் ஒரு ஆப்ஜெக்டை இன்னொன்றுக்குக் கொடுத்தால் காப்பி எடுப்பதுதான் இயல்பு. ரெஃபரன்ஸ் என்பது ஏற்கெனவே இருக்கும் ஆப்ஜெக்டுக்கு இன்னொரு பெயர். இதெல்லாம் பாடத்திலேயே இருக்கிறது. பாடம் பெரும்பாலும் தாண்டிப் போவது டெம்பரரியை, அதாவது தற்காலிக ஆப்ஜெக்டை. இரண்டு ஸ்ட்ரிங்குகளைக் கூட்டினால் விடை பெயரில்லாத ஓர் ஆப்ஜெக்டாகப் பிறக்கிறது. அந்த வரியின் அரைப்புள்ளியோடு அழிந்தும் விடுகிறது. ஒரு கான்ஸ்ட் ரெஃபரன்ஸை (மாற்ற அனுமதிக்காத ரெஃபரன்ஸை) நேரடியாக அதனோடு இணைத்தால் அதன் ஆயுள் நீளும். ஆனால் அதை ஒரு ஃபங்ஷனுக்குள் அனுப்பி, அங்கிருந்து திரும்பி வரும் ரெஃபரன்ஸைப் பிடித்து வைத்தால் நீளாது. அழிந்துபோன ஆப்ஜெக்டின் முகவரிதான் கையில் மிஞ்சும்.

சரி, எப்படியும் சாகப்போகிற ஒன்றை எதற்குக் காப்பி எடுக்க வேண்டும்?

வெக்டருக்குள் எட்டிப் பாருங்கள். 64 பிட் கணினியில் வழக்கமாக மூன்றே பாயின்டர்கள்: எண்கள் தொடங்கும் இடம், முடியும் இடம், ஒதுக்கிய மெமரியின் எல்லை. மொத்தம் 24 பைட். எண்கள் இருப்பது வேறெங்கோ, ஹீப் மெமரியில் (நிரல் ஓடும்போது கேட்டு வாங்கும் இடத்தில்). பத்து லட்சம் டபுள் (தலா 8 பைட் தசம எண்) என்றால் 80 லட்சம் பைட். காப்பி எடுத்தால் இன்னொரு 80 லட்சம் பைட் ஒதுக்கி, அத்தனையையும் மறுபடி எழுதி, அப்புறம் பழையதை விடுவிக்க வேண்டும். காப்பிக்குப் பதிலான வழி மூவ். அது பட்டா பெயர் மாற்றம் மாதிரி: வீடு இருந்த இடத்திலேயே இருக்கிறது, உரிமையாளர் மட்டும் மாறுகிறார். புது வெக்டர் அந்த மூன்று பாயின்டர்களை எடுத்துக்கொள்கிறது.

இதன் அழகு அடுத்த படியில்தான். பழைய வெக்டரின் பாயின்டர்கள் வெறுமையாக்கப்படுகின்றன. அதைச் செய்யாவிட்டால் என்ன ஆகும்? டெம்பரரி அழியும்போது ஓடும் அதன் டிஸ்ட்ரக்டர் ஃபங்ஷன், புது வெக்டர் நம்பியிருக்கும் எண்களையே விடுவித்துவிடும். பிறகு புது வெக்டரும் அதே மெமரியை இரண்டாவது முறை விடுவிக்கப் போகும். வெறுமையாக்கிவிட்டால், டிஸ்ட்ரக்டர் வழக்கம்போல் ஓடுகிறது, விடுவிக்க எதுவும் இல்லை, பேசாமல் முடிந்துவிடுகிறது. அழிக்கும் விதியில் ஒரு விலக்குகூடத் தேவைப்படவில்லை! எத்தனை முறை சொல்லிக்கொடுத்தாலும் எனக்கு அலுக்காத இடம் இது.

எது சாகப்போகிறது என்று கம்பைலருக்கு (நிரலை இயந்திர மொழிக்கு மாற்றும் மென்பொருளுக்கு) எப்படித் தெரியும்? இரண்டு ஆம்பர்சண்ட் (&&) போட்ட ரெஃபரன்ஸ் பெயருள்ள ஆப்ஜெக்டோடு நேரடியாக இணையாது, டெம்பரரியோடு இணையும். அதை வாங்கும் கன்ஸ்ட்ரக்டரை (ஆப்ஜெக்டை உருவாக்கும் ஃபங்ஷனை) தனியாக எழுதிவிட்டால், காப்பியா மூவா என்பதை, ஒரே பெயருள்ள ஃபங்ஷன்களில் பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கும் ஓவர்லோடிங் விதியே முடிவு செய்துவிடும். தானே புயல் கடலூரைப் புரட்டிப்போட்ட அதே 2011இல் வெளியான சி பிளஸ் பிளஸ் தரநிலையில் வந்தது இந்த ஏற்பாடு. இன்னமும் 1998க்கு முந்தைய கம்பைலரை வைத்து லேப் நடத்தும் கல்லூரிகள் இருப்பது எனக்கு வருத்தம். ஜிசிசி, கிளாங் ஆகிய புதிய கம்பைலர்கள் இரண்டும் இலவசம். நிதி இல்லை என்ற காரணம் இங்கே செல்லாது.

இந்தத் துறையிலும் மூடநம்பிக்கை உண்டு: எங்கும் மூவ் (std::move) என்று எழுதினால் வேகம் கூடும் என்பது. அந்தச் சொல் தானாக எதையும் நகர்த்துவதில்லை. "இதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்" என்ற அனுமதி மட்டுமே அது. ரிட்டர்ன் வரியில் போட்டால் கெடுதல்கூட உண்டு. ஃபங்ஷனின் உள்ளூர் வெக்டரை, வாங்குபவரின் இடத்திலேயே நேரடியாகக் கட்டிவிடக் கம்பைலரால் முடியும். மூவ் அந்த வழியை அடைத்துவிடுகிறது. ஆகவே மாணவிக்கு என் பதில்: வெக்டரின் பெயரை மட்டும் எழுதி ரிட்டர்ன் செய்யுங்கள். ஒன்று, அங்கேயே கட்டப்படும். இல்லையென்றால் தானாக மூவ் ஆகும்.

நீங்களே கிளாஸ் எழுதும்போதுதான் கவனம் வேண்டும். டிஸ்ட்ரக்டரை நீங்கள் எழுதினால் மூவ் கன்ஸ்ட்ரக்டரைக் கம்பைலர் தானாகத் தராது, சத்தமில்லாமல் காப்பிக்குப் போய்விடும். மூவ் கன்ஸ்ட்ரக்டரையும் எழுதி, அதில் நோஎக்செப்ட் (எக்செப்ஷன் எனும் பிழை அறிவிப்பை வெளியே விடமாட்டேன் என்ற உறுதிமொழி) சேருங்கள். வெக்டர் பெரிதாகி, உள்ளவற்றைப் புது மெமரிக்கு மாற்றும்போது பாதியில் எக்செப்ஷன் வந்தால், அதுவரை மூவ் ஆனவற்றைப் பத்திரமாகப் பழையபடி திருப்ப வழியில்லை. அதனால் அந்த உறுதிமொழி இல்லாத கிளாஸை, காப்பி எடுக்க முடிந்தால், வெக்டர் காப்பிதான் எடுக்கும்.