ஊர் சராசரிய மட்டும் பாத்தா யாரோட நோயும் கண்ணுக்குத் தெரியாது

அமெரிக்காவுல பப்ளிக் ஹெல்த் டேட்டா பாக்குறது தான் என் வேலை, டீம்ல புதுசா யார் சேந்தாலும் முதல்ல மிச்சிகன்ல இருக்குற ஃப்ளின்ட் ஊர பத்தி சொல்லிடுவேன். ஊர்ல பாதிக்கு மேல கறுப்பின மக்கள், கஷ்டப்படுற குடும்பங்க ஜாஸ்தி. செலவ குறைக்கணும்னு 2014 ஏப்ரல்ல டெட்ராய்ட் தண்ணிய நிறுத்திட்டு ஃப்ளின்ட் ஆத்துத் தண்ணிய விட்டாங்க, பைப் அரிக்காம இருக்க சேக்க வேண்டிய கெமிக்கல சேக்கவே இல்ல, பழைய பைப்புல இருந்த ஈயம் கரைஞ்சு குழாய் தண்ணில கலந்துச்சு. ஜனங்க கலங்கின தண்ணிய பாட்டில்ல புடிச்சுட்டுப் போய் காட்டியும் யாரும் கேக்கல. அந்த வருஷம் அக்டோபர்லயே ஜெனரல் மோட்டார்ஸ் எஞ்சின் பார்ட்ஸ் அரிக்குதுன்னு வேற தண்ணிக்கு மாறிட்டாங்க, வீட்ல இருக்குற குழந்தைங்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் அதே தண்ணி!

2015ல அந்த ஊர் ஜனங்களே வர்ஜீனியா டெக் யுனிவர்சிட்டி ஆளுங்களோட சேந்து வீடு வீடா சாம்பிள் எடுத்தாங்க. டாக்டர் மோனா ஹன்னா-அட்டிஷா குழந்தைங்களோட ரத்த டெஸ்ட் ரிசல்ட்ட எடுத்துப் பாத்தா ஈயம் ஏறியிருக்கு. ஆனா ஸ்டேட் அதிகாரிங்க எங்க கணக்குல அப்படி தெரியலயேன்னு சொன்னாங்க.

எப்படி தெரியும்? அவங்க பாத்தது ஜிப் கோடு (நம்ம ஊர் பின்கோடு மாதிரி) வாரியா. ஃப்ளின்ட் ஜிப் கோடுல இருக்குற வீட்ல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு ஊர் எல்லைக்கு வெளிய, அங்க இந்தத் தண்ணியே போகல. அந்தக் குழந்தைங்களயும் சேத்து சராசரி எடுத்தா பிரச்சனை கரைஞ்சு போயிடும்ல. ஒவ்வொரு குழந்தையோட அட்ரஸையும் மேப்ல குறிச்சுப் பாத்தப்போ தான், தண்ணி மாத்தினதுக்கு அப்புறம் ரத்தத்துல ஈயம் அதிகமான குழந்தைங்க 2.4 சதவீதத்துல இருந்து 4.9 ஆனது தெரிஞ்சுது, தண்ணில ஈயம் ரொம்ப இருந்த ஏரியாவுல 4ல இருந்து 10.6. இதுக்குப் பின்னாடி காலங்காலமா வர்ற அமைப்பு ரீதியான இனவெறி இருக்குன்னு மிச்சிகன் சிவில் ரைட்ஸ் கமிஷனே 2017ல ரிப்போர்ட் குடுத்துச்சு.

என் வேலைல தினமும் பாக்குறது இன்னொன்னு. ஆஸ்பத்திரி ரெக்கார்ட்ல இனம்ங்கற கட்டம் பாதி நேரம் காலியா இருக்கும், இல்லன்னா ரிசப்ஷன்ல இருக்கறவங்க மூஞ்சிய பாத்து போட்டிருப்பாங்க. தயவுசெஞ்சு பேஷண்ட்ட கேட்டுப் போடுங்க. நம்மாளுங்களையும் "ஆசியன்"னு சைனீஸ், கொரியன் எல்லார் கூடவும் ஒண்ணா போட்டுடுறாங்க, உடம்பு ஒல்லியா இருந்தும் சின்ன வயசுலயே நமக்கு வர்ற சுகர் அதுல தனியா தெரியறதே இல்ல. ஃபார்ம்ல சௌத் ஏசியன்னு எழுத இடம் இருந்தா கட்டாயம் எழுதுங்க.

டேட்டா வேலைல இருக்கறவங்களுக்கு: ஒரு ஏரியாவுல நோயாளிங்க எண்ணிக்கை குறைவா இருந்தா ஆள் யாருன்னு தெரிஞ்சிடும்னு மறைக்கறோம், அது சரிதான். ஆனா அதுக்காக பக்கத்து வசதியான ஏரியாவோட சேக்காதீங்க, அதே ஏரியாவோட நாலஞ்சு வருஷ கணக்க சேத்துப் பாருங்க, வந்த ரிசல்ட்ட ரிப்போர்ட்டா போடறதுக்கு முன்னாடி அந்தத் தெரு ஜனங்ககிட்ட காட்டி இது சரியான்னு கேளுங்க.