ரிமோட்டுக்குக் கால் தெரியாது

கியூர்பீப் பக்கம் வேலை பார்க்கும் உடற்கல்வி ஆசிரியர்களுக்கு வானம்தான் பாடத்திட்டம் போட்டுக் கொடுக்கும். மொரீசியஸின் நடுமேட்டில் மழை எப்போது வரும் என்று யாரும் கேட்பதில்லை, எப்போது விடும் என்றுதான் கேட்பார்கள். கடற்கரை ஊர்களில் வெயில் காய்கிற அதே காலையில் எங்கள் மைதானம் சொதசொதவென்று கிடக்கும். வழுக்கி விழுந்து ஒரு பிள்ளை கையை உடைத்துக்கொண்டால் பதில் சொல்ல வேண்டியது நாங்கள். அதனால், மழை நாளில் ஹாலுக்குள் திரையைப் பார்த்துக் கைவீசி ஆடும் வீடியோ விளையாட்டுகளை வைத்துப் பாடம் நடத்தலாமே என்று பெற்றோர் யாராவது கேட்டால் நான் உடனே மறுப்பதில்லை. அது எதற்கு உதவும், எதற்கு உதவாது என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள் என்பேன்.

முதலில் கருவியைப் பார்ப்போம். 2006-ல் நின்டெண்டோ நிறுவனத்தின் ‘வீ’ என்ற வீடியோ கேம் கருவி வந்தபோது, அசைவின் வேகம் கூடுவதையும் குறைவதையும் அளக்கும் ஓர் உணரி அதன் ரிமோட்டுக்குள் இருந்தது. 2009-ல் சுழற்சியை அளக்கும் துணைக்கருவியும் சேர்ந்தது. இப்போது அதே நிறுவனத்தின் ஸ்விட்ச் கருவியோடு வரும் ஜாய்-கான் என்ற சின்ன ரிமோட்டில் இரண்டும் உள்ளேயே இருக்கின்றன. எல்லாம் சரி, ஆனால் இவை அளப்பது கையில் இருக்கும் கருவியின் அசைவை மட்டும்தான். முழங்கால் மடிந்ததா, தோள் திரும்பியதா, கால் எங்கே நிற்கிறது, எதுவும் அதற்குத் தெரியாது. இதைப் பெரியவர்களுக்கு முன்பே பிள்ளைகள் கண்டுபிடித்துவிடுவார்கள். சோபாவில் சாய்ந்தபடி மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டினாலே புள்ளி கிடைக்கும் என்று தெரிந்த பிறகு யார் எழுந்து நிற்பார்கள்?

பேட்மின்டனை எடுத்துக்கொள்ளுங்கள். 2022-ல் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் ஸ்போர்ட்ஸ் என்ற விளையாட்டுத் தொகுப்பில் அது இருக்கிறது, எங்கள் தீவிலும் பலர் ஆடும் ஆட்டம். உண்மையான கோர்ட் 13.4 மீட்டர் நீளம், 6.1 மீட்டர் அகலம். தனியாள் ஆட்டத்தில் அகலம் கொஞ்சம் குறையும், ஆனாலும் நடுவிலிருந்து நான்கு மூலைக்கும் ஓடித் திரும்புவதுதான் ஆட்டத்தின் உயிர். திரையில் அந்த ஓட்டத்தை பொம்மையே ஓடிவிடுகிறது. பிள்ளை செய்ய வேண்டியது, சரியான நேரத்தில் வீசுவது மட்டும். பிடியும் வேறு. ஜாய்-கான் ஏறக்குறைய 50 கிராம். ராக்கெட் 80, 90 கிராம்தான் என்றாலும் அரை மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும், அந்த நீளம்தான் மணிக்கட்டுக்குப் பாடம் சொல்லும். திரையில் நன்றாக ஆடிய பிள்ளை நிஜ ஷட்டிலை அடிக்கப் போய்க் காற்றை அடிப்பதற்குக் காரணம் இதுதான். அந்த நேரத்தில் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்.

குத்துச்சண்டை இன்னும் மோசம். பெய்ஜிங்கில் 2008-ல் புரூனோ ஜூலி வென்ற வெண்கலம்தான் இந்த நாட்டின் ஒரே ஒலிம்பிக் பதக்கம். அந்த ஆட்டத்தை வீயில் ஆடும் பிள்ளை கற்றுக்கொள்வதெல்லாம் இரண்டு கைகளையும் கன்னாபின்னாவென்று ஆட்டுவதைத்தான்.

2010-ல் மைக்ரோசாப்டின் எக்ஸ்பாக்ஸ் வீடியோ கேம் கருவிக்குத் துணையாக வந்த கினெக்ட் கையில் எதையும் கொடுக்காமல் கேமரா வழியே முழு உடலையும் பார்த்தது. வகுப்புக்குப் பொருத்தமாக இருந்தது அதுதான். 2017-ல் அதன் தயாரிப்பையே நிறுத்திவிட்டார்கள். என்ன செய்ய!

அப்படியானால் எதற்கு உதவும்? புள்ளிக்கணக்கு, சர்வ் யாருடையது, ஷட்டில் மாறி மாறிப் போகும் ரேலி எப்போது முடிகிறது, இவற்றை நான் கரும்பலகையில் விளக்குவதைவிடத் திரை வேகமாகப் புரியவைக்கும். பந்து வரும் நேரத்தைக் கணித்துக் காத்திருப்பதும் ஓரளவு பழகும். பௌலிங்கில் கையைப் பின்னே கொண்டுபோய் முன்னே வீசும் தாளம் நிஜத்துக்குக் கொஞ்சம் அருகில் வருகிறது. எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. பந்தைக் கண்டாலே ஒதுங்கி நிற்கும் பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று பேராவது இருப்பார்கள். மேலே வந்து விழாது என்று தெரிந்த பந்தை அடிக்க அவர்களுக்குப் பயமில்லை. சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையும் அன்று வரிசையில் சேர்ந்து ஆடலாம். ஆனால் திரைக்குப் பத்து நிமிடம் போதும். அடுத்த நிமிடமே அவர்கள் கையில் ராக்கெட்டையும் ஒரு பலூனையும் கொடுத்துவிட வேண்டும். மெதுவாக இறங்கும் பலூனை அடித்துப் பழகிய பிறகுதான் ஷட்டில்.

நேரக் கணக்கையும் போட்டுப் பாருங்கள். 32 பேர் வகுப்பு, ஒரே சமயத்தில் நான்கு பேர், 40 நிமிடம் என்றால் ஆளுக்கு ஐந்து நிமிடம். மீதி நேரம் உட்கார்ந்து வேடிக்கை. அது விளையாட்டுப் பாடமே அல்ல. மற்றவர்களைப் பின்னால் வரிசையாக நிறுத்தி, கையில் ராக்கெட்டோடு, ஒவ்வொரு வீச்சுக்கும் கால் எடுத்து வைத்து, ஷட்டில் இல்லாமலேயே நிழல் ஆட்டம் ஆடவிடுவேன். உண்மையில் அன்று அதிகம் கற்றுக்கொள்வது அந்தப் பின்வரிசைதான்.

ஆய்வுகளும் ஏறக்குறைய இதையே காட்டுகின்றன. லிவர்பூலில் வளரிளம் பிள்ளைகளை வைத்துச் செய்து 2007-ல் வெளியான ஆய்வில், உட்கார்ந்து ஆடும் வீடியோ கேமைவிட வீயில் உடல் அதிகம் உழைத்தது, நிஜ விளையாட்டின் அளவுக்கு வரவில்லை. 2012-ல் வெளியான அமெரிக்க ஆய்வில், இத்தகைய விளையாட்டுகளை வீட்டுக்குக் கொடுத்த பிள்ளைகள், உட்கார்ந்து ஆடுவதைப் பெற்ற பிள்ளைகளைவிட அதிகம் அசையவில்லை. இதைச் சொல்லக் காரணம், “மிஸ், வீட்டிலேயே தினமும் டென்னிஸ் ஆடுகிறான்” என்று நிம்மதியாகச் சொல்லும் அம்மாக்கள். 5 முதல் 17 வயது வரை சராசரியாக நாளுக்கு 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு உடல் அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பள்ளி விட்டதும் டியூஷன், டியூஷன் விட்டதும் இருட்டு என்று ஓடும் நம் பிள்ளைகளுக்கு அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் இவ்வளவு பரவிய தீவில் இது சின்ன விஷயம் இல்லை.

காயத்தையும் மறக்க வேண்டாம். மணிக்கணக்கில் வீ டென்னிஸ் ஆடித் தோள் தசைநாரில் வலி கண்ட ஒரு மருத்துவரைப் பற்றி 2007-லேயே மருத்துவ இதழில் குறிப்பு வந்தது. கைப்பட்டை அறுந்து ரிமோட் பறந்த புகார்கள் வந்து, 2006 டிசம்பரில் நின்டெண்டோவே 32 லட்சம் பட்டைகளை மாற்றித் தந்தது.

பள்ளிக்கு வாங்குவதாக முடிவானால் என் நிபந்தனைகள் இவை: முதலில் வகுப்புக்குப் போதுமான ராக்கெட்டும் ஷட்டிலும், வீடியோ கேம் கருவி அதற்கப்புறம். கைப்பட்டை மாட்டாத பிள்ளைக்கு ரிமோட் கிடையாது. இருவருக்கு நடுவே இருவரும் கை நீட்டினாலும் தொடாத இடைவெளி. வெயில் அடிக்கிற நாளில் பெட்டி அலமாரிக்குள் பூட்டியே இருக்கும், சாவி உடற்கல்வி ஆசிரியரிடம்.