ஓதம் தெரிகிற இடத்தில் ஓட்டை இருக்காது

போன அக்டோபரில் அல்சூர் சோமேஸ்வரர் கோயில் பக்கம் ஒரு பழைய வீட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சமையலறைச் சுவரில் தரையிலிருந்து இரண்டரை அடிக்கு ஓதம், அதாவது ஊறிய ஈரம். வீட்டம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். "மூணு தடவ பெயிண்ட் அடிச்சாச்சு தம்பி, சுவர் சொன்ன பேச்சக் கேக்க மாட்டேங்குது" என்றார். மகன் ஐடி வேலை, சனி ஞாயிறில் வீடியோ பார்த்துத் தானே வேலை செய்கிறவர். கெட்டிக்காரர்தான். முதலில் வாட்டர்புரூஃப் பெயிண்ட், அடுத்த வருஷம் சுவரைச் சுரண்டி ஏதோ கெமிக்கல் கலந்த சிமெண்ட் பூசி அதன்மேல் பட்டி பார்த்து மறுபடி பெயிண்ட், மூன்றாவது தடவை அந்தப் பக்கத்து பாத்ரூமில் டைல்ஸ் சந்துக்கெல்லாம் எபாக்ஸி பசை அடைத்து, இந்தப் பக்கம் இன்னொரு பெயிண்ட் என்று வரிசையாகச் செய்திருந்தார். நான் போனபோது பெயிண்ட் அப்பளம் மாதிரிப் பொரிந்து நின்றது, விரல் பட்டால் உதிர்ந்தது.

இருபத்திரண்டு வருஷமாக பெங்களூரில் இதே பிளம்பர் வேலை. அல்சூர், காக்ஸ் டவுன், ஸ்ரீராம்புரம், மல்லேஸ்வரம் என்று நான் போகிற வீடுகள் முக்கால்வாசி என்னைவிட வயதானவை. வீட்டுக்காரர்கள் தாங்களே கையை வைப்பதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. குழாய்க்கு வாஷர் மாற்ற என்னைக் கூப்பிட்டால் எனக்கே வெட்கமாக இருக்கும். ஆனால் ஓதம் விஷயத்தில் எல்லோரும் கடைசியில் செய்யவேண்டியதை முதலில் செய்கிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் அது தெரிகிற இடத்தை மூடுகிறார்கள்.

ஈரத்துக்கு நேரம் உண்டு. அதைக் கவனித்தாலே பாதி வேலை முடிந்தது. ஒரு பென்சில் எடுத்து ஈரத்தின் விளிம்பைச் சுவரிலேயே கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். பதினைந்து நாள் இப்படிச் செய்யுங்கள். இரவு பகல் வித்தியாசமில்லாமல், ஊரே காய்ந்து கிடந்தாலும் ஈரம் மாறாமல் இருந்தால், எந்நேரமும் தண்ணீர் நிற்கிற குழாயில் கசிவு. காலையில் எல்லோரும் குளித்து முடித்த பிறகு கூடி, ஊருக்குப் போய்விட்டு வந்தால் குறைந்திருந்தால், கழிவுநீர்ப் பக்கம். மழைக்கு மறுநாளோ அதற்கடுத்த நாளோ வந்தால் மாடி, சஜ்ஜா (ஜன்னல் மேலே நீட்டிய சின்னக் கூரை), ஜன்னல் ஓரம். தரையிலிருந்து மூன்றடிக்குள் நின்று, மேல் விளிம்பில் வெள்ளையாக உப்புப் பூத்து, வருஷம் முழுக்க மெதுவாக இருந்தால் நிலத்திலிருந்து ஏறுகிற ஈரமாக இருக்கலாம். சில வீடுகளில் இரண்டு மூன்று சேர்ந்தே இருக்கும், அது வேறு தலைவலி.

குழாய்க் கசிவா என்று பார்ப்பதற்குக் காசே வேண்டாம். இரவு படுக்கும்முன் வீட்டுக் குழாய்களையெல்லாம் மூடிவிட்டு மேல் டேங்க்கில் தண்ணீர் மட்டத்தைக் குறித்துவையுங்கள், மோட்டாரைப் போடாதீர்கள், ஃபிளஷைக்கூடத் தொடாதீர்கள். காலையில் மட்டம் இறங்கியிருந்தால் எங்கோ போகிறது. அப்புறம் ஃபிளஷ் தொட்டியில் நாலு சொட்டு சொட்டுநீலம் விட்டு அரை மணி நேரம் கழித்துப் பாருங்கள். டாய்லெட் பேசினில் நீலம் இறங்கியிருந்தால் சுவரை உடைக்க வேண்டாம், உள்ளே ஒரு ரப்பர் வாஷர் மாற்றினால் போதும்.

சரி, அல்சூர் வீட்டுக்கு வருகிறேன். அவர்கள் தீபாவளிக்கு ஒரு வாரம் ஊருக்குப் போனபோது ஈரம் குறைந்ததாக அம்மா சொன்னார். அப்போதே எனக்குக் கழிவுநீர்மேல் சந்தேகம். பாத்ரூம் நகானி டிராப்பின், அதாவது தரைத் தண்ணீர் இறங்குகிற வடிகாலின், வாயைத் துணிப்பந்தால் இறுக அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டேன். சமையலறைச் சுவரில் பென்சில் கோடு நகரவில்லை. அதாவது டைல்ஸ் பாவம், அதன்மேல் குற்றமே இல்லை, எபாக்ஸிக்குக் கொடுத்த காசு வீண். மறுநாள் துணியை உருவினேன். தண்ணீர் கடகடவென்று இறங்கியது. இரண்டு மணி நேரத்தில் சுவரின் அடியில், ஸ்கர்ட்டிங் என்கிற சுவரடிப் பட்டைக்கு மேலே, கறுப்பாக ஒரு கோடு ஊறி வந்தது.

டிராப்பைத் தோண்டிப் பார்த்தால் கீழே பழைய பீங்கான் பைப், எழுபதுகளில் போட்டது. அதன் வாயில் ஆறேழு வருஷம் முன்பு டைல்ஸ் மாற்ற வந்த யாரோ புது பிவிசி டிராப்பைச் சொருகி, சுற்றிலும் சிமெண்ட் அப்பியிருந்தார்கள். சிமெண்ட் பிவிசியை ஒட்டிப் பிடிக்காது. போதாக்குறைக்கு தினமும் வெந்நீர் இறங்க இறங்க பிவிசி விரியும், சுருங்கும். ஒரு வருஷத்தில் முடி அளவு இடைவெளி விழும், அது போதும். இந்த மாதிரி இடத்தில் இரண்டு பைப்பையும் பிடிக்கிற ரப்பர் கப்ளர் போடவேண்டும். அதைத்தான் போட்டேன்.

ஆனால் எனக்கு அதிகம் வருத்தம் தந்தது அந்தச் சுவர்தான். அது சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டிய செங்கல் சுவர். அது ஈரத்தை வாங்கும், வெளியே விடும், அப்படித்தான் இத்தனை வருஷம் நின்றது. அதன் முகத்தில் சிமெண்டும் பிளாஸ்டிக் பெயிண்டும் பூசி மூடிவிட்டால் உள்ளே இருக்கிற தண்ணீர் எங்கே போகும்? மேலே போகும். "முதல்ல ஒண்ணரை அடிதான்பா இருந்துச்சு" என்று அந்த அம்மா சொன்னது இதனால்தான். பழைய சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சும் வெள்ளையடிப்பும்தான் சரி. பெயிண்ட் கடையில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

இனி ஜிஐ பைப், அதாவது துத்தநாகம் பூசிய பழைய இரும்புக் குழாய். என் கதையே இருக்கிறது. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இறுகிப்போன ஒரு எல்போவை, பைப் திரும்புகிற இடத்து வளைவை, பைப் ரிஞ்ச் போட்டு என் பலத்தையெல்லாம் காட்டித் திருப்பினேன். எல்போ அசையவில்லை, சுவருக்குள் இருந்த பைப் முறிந்தது. ஓடிப்போய் கேட் வால்வை மூடினால் அது சும்மா சுற்றுகிறது, உள்ளே கதவே இல்லை, துருப்பிடித்து விழுந்து எத்தனையோ வருஷமாகியிருக்கும். ஆயிரம் லிட்டர் டேங்க் காலியாகும்வரை நானும் அந்த வீட்டுத் தாத்தாவும் பக்கெட்டில் பிடித்துப் பிடித்து வெளியே ஊற்றினோம். அன்றிலிருந்து எந்த வீட்டுக்குப் போனாலும் ரிஞ்சை எடுக்கும்முன் வால்வை மூடி, குழாய் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மறுவேலை. நீங்களும் அதைச் செய்யுங்கள், அப்புறம் ஒரு ரிஞ்சால் பைப்பைப் பிடித்துக்கொண்டு இன்னொன்றால் திருப்புங்கள். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வந்தால் ஜிஐ உள்ளுக்குள் துருவேறிச் சுருங்கிவிட்டது என்று அர்த்தம். அதில் ஒரு துண்டு மட்டும் மாற்றப் போனால் அடுத்த துண்டு முறியும். சுடுதண்ணீர் லைனுக்குச் சூடு தாங்கும் சிபிவிசி போடுங்கள், சாதா பிவிசி சூட்டில் இளகும். இரண்டுக்கும் பசையும் வேறு வேறு.

அடைப்புக்கு ஆசிட் ஊற்றும் பழக்கம் இங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. ஆசிட்டும் பிளீச்சிங் பவுடரும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும், சின்ன பாத்ரூமில் அது போதும் மூச்சை அடைக்க. ஏற்கெனவே எதையாவது ஊற்றிவிட்டீர்கள் என்றால் பிளம்பர் வந்ததும் முதலில் அதைச் சொல்லிவிடுங்கள். சொல்லாததால் என் இடது கையில் ஒரு தழும்பு இருக்கிறது. உபயோகிக்காத பாத்ரூமில் நாற்றம் என்றால் பெரும்பாலும் அடைப்பே இல்லை, டிராப்பில் நாற்றத்தைத் தடுக்க நிற்கும் தண்ணீர் காய்ந்திருக்கும். ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள், அவ்வளவுதான்.

மேன்ஹோல், செப்டிக் டேங்க் இரண்டிலும் நீங்களும் இறங்கக்கூடாது, யாரையும் இறக்கவும் கூடாது. அழுகிய முட்டை நாற்றம் வருகிற வாயு அளவு கூடினால் மூக்கையே மரத்துப்போக வைக்கும், நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவர் ஏறுவதில்லை. 2013-இல் வந்த சட்டப்படி பாதுகாப்பில்லாமல் ஆளை இறக்குவது குற்றம், முதல் தடவைக்கே இரண்டு வருஷம் வரை சிறை அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் வரலாம். "ஐநூறு ரூபாய் கூடக் கொடுத்தால் இறங்குவான்" என்று என்னிடமே சொன்னவர்கள் உண்டு. அந்த வீட்டுக்கு அப்புறம் நான் போனதில்லை. தெருச் சாக்கடை அடைத்தால் பெங்களூர் குடிநீர் வாரியத்துக்கு 1916-இல் சொல்லுங்கள், மெஷின் வரும். மொட்டைமாடி மழைநீரைச் சாக்கடை சேம்பரில் விட்டிருந்தால் அதையும் பிரித்துவிடுங்கள். செப்டம்பர் மழையில் தாழ்வான வீட்டு பாத்ரூம்களில் சாக்கடை பின்வாங்கி மேலே வருவதற்கு இது ஒரு பெரிய காரணம். மாடியில் ஏதாவது வேலை என்றால் பிப்ரவரி, மார்ச்சில் வைத்துக்கொள்ளுங்கள், அதுவும் தண்ணீர் எங்கே தேங்குகிறது என்று ஒரு வாளி ஊற்றிப் பார்த்த பிறகு.

அல்சூர் அம்மாவுக்கு ஒரே கவலை, பொங்கலுக்குள் வெள்ளையடிக்க வேண்டும். சிமெண்ட் பூச்சையெல்லாம் கொத்தி எடுத்துவிட்டோம். செங்கல் சுவர் காய அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று எங்கள் கணக்கு, ஒன்பது அங்குலச் சுவர், இரண்டு பக்கமும் காற்றுப் பட்டால் கொஞ்சம் சீக்கிரம் ஆகும், அவ்வளவுதான் என்றேன். முகம் வாடிவிட்டது. ஜனவரியில் அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். மூன்று சுவருக்கு அடித்திருந்தார்கள். நாலாவது சுவரின் வெறுஞ்செங்கல் தெரியாமல் இருக்க ஒரு பழைய புடவையை முழு அகலத்துக்குத் தொங்கவிட்டிருந்தார். "அம்மா, அத எடுத்துடுங்க, காத்து படணும்" என்றேன். "விருந்தாளிங்க போகட்டும் தம்பி" என்றார்.