கெளுத்திக்குச் செதில் கிடையாது

தாமிரபரணிக் கரையில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். "ஆத்துல என்ன இருக்கோ அத வரைங்க" என்றால் முதலில் வருவது டால்பினும் நட்சத்திர மீனும்தான். கைபேசியிலும் கலரிங் புத்தகத்திலும் பார்த்தது அது. அயிரையையும் விராலையும் குழம்பில் பார்த்த பிள்ளைகள்கூட உயிரோடு உற்றுப் பார்த்ததில்லை.

ஆசிரியர்களே, பெற்றோர்களே, வரைய மாதிரிப் படம் கொடுக்காதீர்கள். ஆற்றுக்குக் கூட்டிப் போங்கள். பாதுகாப்புக்குப் போதுமான பெரியவர்கள் வரட்டும், தண்ணீரில் இறங்க வேண்டாம், படித்துறையின் மேல்படியே போதும். கரும்புள்ளி மீன்கொத்தி தண்ணீருக்கு மேல் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று, பிறகு தலைகுப்புறப் பாயும். ஆணின் மார்பில் இரண்டு கறுப்புப் பட்டை, பெண்ணுக்கு ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் நடுவில் விட்டுப்போயிருக்கும். இதை நாமே சொல்லிவிடாமல் "பட்டை எத்தனை?" என்று கேட்டால் போதும், பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். பாம்புத்தாரா கழுத்தை மட்டும் வெளியே நீட்டி நீந்தும்போது ஒரு பிள்ளை பாம்பு என்று வரைந்தால் திருத்த வேண்டாம், அது கரையேறிச் சிறகை விரித்துக் காயவைக்கும்வரை காத்திருங்கள், அந்தப் பிள்ளையே இன்னொரு தாள் கேட்கும்.

மீனுக்குச் சந்தைதான் வசதி. கெளுத்தி வாங்கி, முள்ளை ஒடித்த பிறகு (குத்தினால் கடுக்கும்) தட்டில் வைத்தால், எல்லா மீனுக்கும் செதில் போட்டுப் பழகிய கை அங்கே நின்றுவிடும். வழவழப்பான தோல், நீண்ட மீசை. அந்தத் தயக்கத்தில்தான் கற்றல் நடக்கிறது என்று உறுதியாக நம்புகிறேன்.

இன்னொன்று. பாபநாசத்தில் பக்தர்கள் ஆற்றில் விட்டுப்போகும் துணிகளைப் பார்த்த பிள்ளைகள் மீனோடு வேட்டியையும் சேலையையும் வரைகிறார்கள். "அழகா வரைடா" என்று அதை அழிக்கச் சொல்லும் பெரியவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை, ஏனென்றால் பிள்ளை பார்த்தது அதுதான், ஆற்றில் இருப்பதும் அதுதான்.

அப்புறம், ஆற்றைப் பற்றிய கண்காட்சிக்குத் தெர்மாகோலும் மினுக்குத்தூளும் வேண்டவே வேண்டாம். இரண்டும் பிளாஸ்டிக், மழை வந்தால் வாய்க்கால் வழியாக மீனிடமே போய்ச் சேரும். களிமண், அடுப்புக்கரி, பழைய நோட்டின் பின்பக்கம் போதும். படத்தின் பின்னால் தேதியும் பார்த்த இடமும் எழுதி வைக்கச் சொல்லுங்கள். வருடங்கள் போனால் எந்தப் படித்துறையில் எந்தப் பறவை வந்தது என்பதற்கு ஊரிடம் ஒரு பதிவு இருக்கும்.