கேயாஸ்னா குழப்பம் இல்லைங்க

நிறைய பேர் கேயாஸ்ங்கற சொல்லை அப்படியே "குழப்பம்"னு தமிழ்ல எழுதிடறாங்க, பிசிக்ஸ்ல கேயாஸ்னா விதிப்படியே நடந்தும் முன்கூட்டிச் சொல்ல முடியாத அசைவு, அதுக்கு அந்தச் சொல் சரியா வராது. கேயாஸுக்கு மூலம் கிரேக்கம், வாயைப் பிளந்து கிடக்கற பெரும் பாழ்னு அர்த்தம், கொட்டாவி விடறதுக்கு அவங்க சொல்ற வினையும் இதே வேர்தான். பழைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் உலகத் தோற்றத்தைப் பாடும்போது எல்லாத்துக்கும் முன்னாடி தோணினது இதுதான்னு சொல்றார். வாயுவுக்கு நாம தினமும் சொல்ற கேஸ்கூட 17ஆம் நூற்றாண்டுல வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் இதுலேர்ந்து உண்டாக்கின சொல்தான். கணிதத்துல இந்தப் பேர் நிலைச்சது 1975ல கணிதவியலாளர்கள் லீயும் யார்க்கும் எழுதின கட்டுரைக்கு அப்புறம்.

ஏன் குழப்பம் இல்லைன்னா, அயனிப் பொறியைப் பாருங்க, அதாவது மின்னூட்டம் உள்ள அணுவை (அயனியை) ஒரே இடத்துல பிடிச்சு வைக்கற கருவி. மாறாத மின்புலத்தை மட்டும் வச்சு ஒரு அயனியை நடுவுல நிறுத்தவே முடியாது, ஒரு பக்கம் பிடிச்சா இன்னொரு பக்கம் வழுக்கிடும், அதனால ஜெர்மனியில வுல்ஃப்காங் பால் புலத்தை வேகமா மாத்தி மாத்திக் குடுத்துப் பிடிச்சார், 1989ல நோபல் பரிசுல பங்கும் கிடைச்சது. இதுல ஒரே ஒரு அயனி இருந்தா சமன்பாடு நேரியல் (லீனியர்), அதாவது விசை தூரத்துக்கு நேர் விகிதத்துல மாறும், கேயாஸுக்கு இடமே இல்ல. ரெண்டாவது அயனி வந்துட்டா ஒண்ணை ஒண்ணு தள்ளும், அந்தத் தள்ளல் தூரத்தோட வர்க்கத்துக்குத் தலைகீழா மாறும், அங்கதான் நேரியல் உடையுது. லேசரால நல்லா குளிர வச்சா ரெண்டும் படிகம் மாதிரி அடங்கி எதிரெதிரே நிக்கும், சூடேறினா மேகமா அலையும், 1987ல ஜெர்மனியில கார்ஹிங்லயும் அமெரிக்காவுல போல்டர்லயும் ரெண்டு குழுக்கள் இதைப் பார்த்தாங்க.

அப்படி அலையறப்பவும் ஒவ்வொரு அடியும் நியூட்டன் விதிப்படிதான் நடக்குது. தொடக்கத்துல மயிரிழை வித்தியாசம் இருந்தா போதும், கொஞ்ச நேரத்துல பாதையே வேற ஆயிடும், அவ்வளவுதான் விஷயம். குழப்பம்னு எழுதினா விதியே இல்லைங்கற மாதிரி ஆயிடுது, அது எனக்கு உண்மையிலேயே உறுத்துது.

"ஒழுங்கின்மை"னு புழக்கத்துல இருக்கறது பரவாயில்ல, ஆனா அதுலயும் விதி தெரியல. நான் "விதிவழி ஒழுங்கின்மை"ன்னு எழுதறேன், விதின்னா இங்க தலைவிதி இல்ல, இயக்க விதி. டிராப்புக்குப் "பொறி" அழகாப் பொருந்துது, எலிப்பொறி எல்லாருக்கும் தெரிஞ்சதுதானே. நான்லீனியருக்கு "நேரியலற்ற", சார்ஜுக்கு நம்ம பக்கம் மின்னூட்டம், இலங்கையில ஏற்றம்னு எழுதுவாங்க, ரெண்டும் சரிதான்.